தொலைத்தது யார், தேடுவது யார்?



போர்முனைக்குப் போய்த் திரும்பிய ஒருவர், தள்ளாத வயதில் அரசாங்கத்துக்கு ஒரு மனு போடுகிறார். ‘எனக்கு வரவேண்டிய பதக்கம் வரவில்லை. ராணுவ ரெக்கார்டில் தவறு இருக்கிறது. திருத்திக் கொடுங்கள்.’

கேட்டதும் என்ன தோன்றும்? இந்த வயதில் ஒரு பதக்கத்துக்காக இவ்வளவு அலைச்சல் வேண்டுமா, நிம்மதியாகப் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே என்றுதான் பலருக்கும் தோன்றும். அவர் வீட்டிலேயே அப்படிச் சொல்பவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் இப்படி மனு போட்டவர்களின் கதைகளைப் படித்த பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

பாரிஸ் டேவிஸ் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் கேப்டன். 1965 ஜூன் மாதம் வியட்நாமில் போங் சோன் என்ற இடத்துக்கு அருகே அவருடைய அணி எதிரி முகாம் ஒன்றைத் தாக்கியது. பதிலடி கடுமையாக இருந்தது. ஏறத்தாழ 19 மணி நேரச் சண்டை. கையெறி குண்டு வெடித்து டேவிஸின் விரலில் ஒரு பகுதி போய்விட்டது. மற்ற விரல்களால் முடியாமல் சுண்டுவிரலால் துப்பாக்கியை இயக்கினார். பின்வாங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அடிபட்டுக் கிடக்கும் என் ஆட்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டு, ஒவ்வொருவராக இழுத்து வந்து சேர்த்தார்.

அந்த நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ அவருக்குத் தரப்பட வேண்டும் என்று மேலதிகாரி எழுதி அனுப்பினார். அந்தக் காகிதம் காணாமல் போனது. 1969-ல் விசாரித்தபோது அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றார்கள். மறுபடி எழுதி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார்கள். அதுவும் காணாமல் போனது!

ஒரு ஃபைல் இரண்டு தடவை தொலையுமா? டேவிஸ் கறுப்பினத்தவர். அதுதான் காரணமோ என்று அவரோடு சண்டையிட்ட வெள்ளைக்கார வீரர்களே கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், வயதான காலத்தில் அவருக்காகச் சாட்சி சொல்லி, எழுதி, நடையாய் நடந்தார்கள். 2023 மார்ச் 3 அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி பைடன் அந்தப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தபோது டேவிஸுக்கு வயது 83.

அவருக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. வேவர்லி உட்சனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1944 ஜூன் 6, பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். 21 வயது மருத்துவ உதவியாளரான உட்சன், கரை சேர்வதற்குள்ளேயே குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். அந்தக் காயத்தோடு ஏறத்தாழ முப்பது மணி நேரம் மணலில் விழுந்து கிடந்தவர்களுக்குச் சிகிச்சை செய்திருக்கிறார். அவரும் கறுப்பினத்தவர்தான். அவருக்கு உயரிய விருது தரலாம் என்று போர்க்காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு குறிப்பு, பல பத்தாண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளரின் தேடலில் வெளிவந்தது. ஆனால் ராணுவம் கேட்ட ஆதாரம்? அது தீயில் போய்விட்டது.

1973 ஜூலை 12. செயின்ட் லூயிஸ் நகரத்தின் பக்கத்தில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான வீரர்களின் ஃபைல்கள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது போச்சு. நகல் எடுத்து வைக்கவில்லை. மைக்ரோஃபிலிம் இல்லை. தீயணைக்கத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் அந்த மாடியில் இல்லை.

உட்சன் 2005-ல் இறந்துபோனார். அதன் பிறகும் அவர் மனைவி விடவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார். 2024-ல்தான் ராணுவத்தின் இரண்டாவது உயரிய விருது உட்சனுக்கு அறிவிக்கப்பட்டது.

இவை பேப்பரில் வந்த பெரிய கதைகள். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேரின் மனு இதைவிட எளிமையானது. ‘எனக்கு அடிபட்டது உண்மை. தழும்பு இருக்கிறது. போரில் காயமடைந்தவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் என் விடுவிப்புச் சான்றிதழில் ஏறவில்லை.’ அவ்வளவுதான்.

இப்படிக் கேட்பவர்களுக்காக அங்கே ராணுவ ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. 1946-ல் போட்ட சட்டத்தின்படி வந்தது. அதற்கு முன்பு ஒரு சிப்பாயின் ரெக்கார்டைத் திருத்த நாடாளுமன்றத்தில் அவருக்கென்று தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்ததாம்! இப்போது ஒரு ஃபார்ம் நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. தீர்ப்புச் சொல்பவர்கள் சீருடை அணியாத சிவிலியன்கள். தவறு தெரியவந்த மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. நியாயம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. வீரர் இறந்துவிட்டால் மனைவியோ வாரிசுகளோ கேட்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அரசாங்க ரெக்கார்டு சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தில்தான் வாரியம் விசாரணையைத் தொடங்குகிறது. இல்லை, தவறு என்று நிரூபிக்க வேண்டியது மனு போட்டவர் பொறுப்பு. காகிதத்தை வைத்திருந்தது அரசாங்கம், பறிகொடுத்ததும் அரசாங்கம். நிரூபிக்க வேண்டியவர் மட்டும் அந்தப் பெரியவரா?

பொய் சொல்லிப் பதக்கம் கேட்பவர்களும் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்லிப் பணமோ சலுகையோ பெறுவதைக் குற்றமாக்கி 2013-ல் அங்கே சட்டமே போட்டார்கள். ஆகவே சரிபார்க்கட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபைல் எரிந்துபோனது அரசாங்கத்துக்கே தெரியும்போது, முதலில் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தேட வழியும் இருக்கிறது. ஒவ்வொரு படைப்பிரிவும் தினமும் எழுதிய காலை அறிக்கையில், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற விவரம் இருக்கும். சம்பளப் பட்டியல்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போர், கொரியப் போர்க் காலத்து ராணுவ மருத்துவமனைச் சேர்க்கை விவரங்கள் காந்த நாடாக்களில் இருப்பது 1988-ல் காப்பகத்துக்குத் தெரியவந்தது. அவற்றில் ஆள் பெயர் கிடையாது. ராணுவ எண் மட்டும்தான். அப்பாவின் அந்த எண் வீட்டில் யாருக்காவது தெரிந்தால், அவர் அடிபட்டு எந்த மாதம் சிகிச்சைக்குச் சேர்ந்தார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்கும்.

ஒரு பதக்கத்தால் வீட்டுக்கு என்ன லாபம்? பர்ப்பிள் ஹார்ட் பெற்றவருக்கு முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவத்தில் முன்னுரிமை உண்டு. போர் அனுபவத்தால் வரும் மனப் பாதிப்புக்கு உதவித்தொகை கேட்கும்போது, அவர் நிஜமாகவே சண்டையில் இருந்தார் என்பதற்கு அந்தப் பதக்கமே சாட்சியாகிவிடும். ராத்திரி தூக்கத்தில் அலறி எழுந்திருக்கும் கணவரோடு நாற்பது வருடம் வாழ்ந்த பெண்ணிடம், உங்கள் வீட்டுக்காரர் போருக்குப் போனதற்கு ஆதாரம் எங்கே என்று ஒரு ஆபீஸ் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

நம் வாசகர்களிலும் ராணுவக் குடும்பங்கள் ஏராளம். பதக்கம் ஒருபுறம் இருக்கட்டும். நம் ராணுவத்தில் கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவு உத்தரவு போட்டு ரெக்கார்டில் ஏற வேண்டும். மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி இருந்தாலே குடும்ப பென்ஷன் இழுத்தடிக்கும். கணவர் போன துக்கத்தில் இருப்பவர் ஆபீஸ் ஆபீஸாக அலைவதைவிட, அவர் இருக்கும்போதே ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதித் திருத்திக்கொள்வது எவ்வளவு சுலபம்!

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் இந்த வாரமே அவரோடு உட்காருங்கள். சர்வீஸ் நம்பர், எந்த யூனிட், எந்த வருடம் எங்கே இருந்தார், எங்கே அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரி, கூட இருந்தவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். கடைசியில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டிஸ்சார்ஜ் புக்கை ஜெராக்ஸ் எடுத்து, மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்து, மகள், மகன் இருவரிடமும் கொடுத்து வையுங்கள். கூட இருந்த நண்பர் யாராவது இப்போதும் இருந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள். சாட்சி வேண்டும் என்று பின்னால் தேடும்போது, அவர் நினைவிலிருந்து எழுதித் தரும் ஒரு பக்கம்தான் கைகொடுக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்