ரிம் ஒன்றுதான்... பெரிய டயர் போடலாமா?

''எங்களிடம் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் இருக்கிறது. முன்பக்கம் 8.00-18, பின்பக்கம் 13.6-28 டயர். பின் டயர்களில் பட்டன் தேய்ந்துபோய், சேற்றுழவில் வழுக்குகிறது. பழைய டயர் கடையில் 14.9-28 அளவில் இரண்டு டயர்கள் பாதி விலைக்கு வருகின்றன. 'ரெண்டும் 28 ரிம்தானே, தாராளமா உட்காரும். இழுவையும் கூடும்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?''

- வாசகர், செய்யாறு.

கடைக்காரர் சொல்வதில் பாதிதான் சரி. அந்த டயர் ரிம்மில் உட்காரலாம். ஆனால், உங்கள் டிராக்டருக்குப் பொருந்தாது. டயரில் மிச்சம் பிடிக்கும் பணத்தைவிடப் பல மடங்கு, பிறகு கியர் வேலைக்குச் செலவாகக்கூடும். அதனால் வாங்க வேண்டாம்.

எண்கள் சொல்வது என்ன?

13.6-28 என்பதில் முதல் எண் டயரின் அகலம்; ஏறக்குறைய 13.6 அங்குலம். கடைசி எண் ரிம்மின் விட்டம், 28 அங்குலம். நடுவில் சிறு கோடு இருந்தால் சாதாரண நைலான் டயர். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல் டயர். சில ரேடியல் டயர்களில் 340/85 ஆர் 28 என்று இருக்கும். 340 என்பது மில்லிமீட்டரில் அகலம். 85 என்பது அந்த அகலத்தில் 85 சதவிகிதம் டயரின் பக்கச்சுவர் உயரம். இது 13.6 ஆர் 28-க்கு இணையான அளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, டயரின் மொத்த உயரம் அதன் மேல் நேரடியாக எழுதப்படுவதில்லை. அகலம் கூடினால் உயரமும் கூடும். 13.6-28 டயரைவிட 14.9-28 டயர் சுமார் 2 அங்குலம் உயரம். சுற்றளவில் கணக்கிட்டால் 4 சதவிகிதம் அதிகம். சிக்கலே இந்த 4 சதவிகிதத்தில்தான் இருக்கிறது.

முன் சக்கரமும் பின் சக்கரமும்

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கியர்கள் இணைக்கின்றன. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்றே வேகமாக, அதாவது 1 முதல் 5 சதவிகிதம் வரை முந்தி ஓடும்படி வைத்திருப்பார்கள். அப்போதுதான் முன் சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கும்.

உங்கள் வண்டியில் இந்த முந்துதல் 3 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 4 சதவிகிதம் பெரிய டயரைப் போட்டால், முன் சக்கரம் முந்துவதற்குப் பதிலாக 1 சதவிகிதம் பின்தங்கும். அதன் பிறகு முன் சக்கரம் இழுக்காது. பிரேக் பிடித்ததுபோல வண்டியைத் தடுக்கும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த மண்ணிலும் தார்ச் சாலையிலும் வழுக்க இடம் இல்லை. அந்த அழுத்தம் முழுவதும் முன் அச்சின் கியர்களுக்கும் ஷாஃப்டுக்கும் போகும். முன் டயரும் சீக்கிரம் தேயும். டீசலும் வீணாகும்.

வயலிலேயே சோதிக்கலாம்

பழைய டிராக்டர் வாங்குபவர்களும் டயர் மாற்றியவர்களும் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். நான்கு டயர்களிலும் காற்றைச் சரியாக வைத்து, முன்னும் பின்னும் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். சமமான, கெட்டியான தரையில் ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டி, பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று என்று ஒருவர் பக்கத்தில் நடந்தபடி எண்ண வேண்டும். அடுத்து, பொலபொலப்பான மண்ணில் லீவரைப் போட்டு அதேபோல எண்ண வேண்டும்.

லீவர் போடாதபோது 16 சுற்று, போட்டபோது 16.5 சுற்று என்றால், முன் சக்கரம் 3 சதவிகிதம் முந்துகிறது. சரியாக இருக்கிறது என்று பொருள். இதே வண்டியில் 14.9 டயர் போட்டால், லீவர் போடாதபோது சுமார் 16.6 சுற்று வரும். போட்டபோது கியர் கணக்குப்படி அதே 16.5 சுற்றுதான். லீவர் போட்டதும் சுற்று குறைந்தால் டயர் பொருத்தம் தவறு.

அளவு மாற்றாமல் பின்பக்கம் மட்டும் புது டயர் போட்டு, முன்பக்கம் மொட்டையான டயரை விட்டுவைத்தாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையும். அப்போதும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பெரிய டயர்தான் வேண்டும் என்றால், கையேட்டில் எந்த முன் டயருக்கு எந்தப் பின் டயர் ஜோடி என்று பார்த்து, நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டூ வீல் டிரைவ் என்றால்..?

முன் சக்கரத்துக்கு இழுவை இல்லாத டிராக்டரில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால், ரிம்மின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ரிம்மைத் துடைத்துப் பார்த்தால் டபிள்யூ 11, டபிள்யூ 12 என்பதுபோல ஆங்கில எழுத்துடன் பொறித்திருக்கும். அந்த எண்தான் ரிம்மின் உள் அகலம், அங்குலத்தில். 12.4-28 டயருக்கு டபிள்யூ 11, 13.6-28 டயருக்கு டபிள்யூ 12, 14.9-28 டயருக்கு டபிள்யூ 13 ஏற்றவை. டபிள்யூ 12 ரிம்மில் 14.9 டயரும் போடுவது உண்டு. டபிள்யூ 11 ரிம்மில் அதைப் போடக் கூடாது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் நடுப்பகுதி உப்பி, நடுப் பட்டன் மட்டும் தேயும். பக்கச்சுவர் அதிகம் மடங்கி வெடிப்பு விடும்.

மட்கார்டில் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கேஜ் வீலும் உயரம் பத்தாமல் போகலாம். டியூபும் டயரின் அளவுக்கே வாங்க வேண்டும். சின்ன டியூப் இழுபட்டு மெலிந்து சீக்கிரம் வெடிக்கும்.

எந்த டிராக்டராக இருந்தாலும் வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே அளவு டயர்தான் போட வேண்டும். பழைய டயர் என்றால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2316 என்று இருந்தால், 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் உயரமாக இருந்தாலும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் வாங்க வேண்டாம்.

''டிராக்டர் டிரெய்லருக்கு மாட்டு வண்டி டயரைப் போடலாமா? டிரெய்லர் ரிம்மில் விரிசலும் இருக்கிறது. டயரைக் கழற்றாமலே வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?''

- வாசகர், மணப்பாறை.

இரண்டும் கூடாது. மாட்டு வண்டிக்கான டயரில் 'ஏ.டி.வி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். கால்நடை இழுக்கும் வண்டிக்கானது என்று அதற்குப் பொருள். மாடு நடக்கும் வேகத்துக்காகத் தயாரானது அது. கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிச் சாலையில் டிராக்டர் வேகத்தில் ஓடினால் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது விஷயம் உயிருக்கே ஆபத்து. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைத்தால், உள்ளே ரப்பர் சூடாகி எரியக்கூடிய வாயு உண்டாகும். காற்றை இறக்கிவிட்டாலும் அந்த வாயு உள்ளேயே தங்கும். பக்கத்தில் நிற்பவரைத் தூக்கி எறியும் வேகத்தில் அது வெடிக்கும். விரிசல் விட்ட ரிம்மை மாற்றுவதுதான் சரி.

9.00-20 போன்ற டயர்கள் உள்ள டிரெய்லர்களில், ரிம்மோடு தனியாக லாக் ரிங் இருக்கும். அது துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால், காற்று ஏற்றும்போது கழன்று பாயும். காற்று அடிக்கும்போது சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காமல், நீளமான குழாயுடன் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.