பஃப் பேனலுக்குள் என்ன வாயு?

தமிழ்நாடு அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

பால் குளிரூட்டும் அறைக்கும் ஐஸ்கிரீம் கிடங்குக்கும் சுவராக நிற்கும் பஃப் பேனலையும், அதை ஊற்றும் சிறு பட்டறைகளையும் பற்றியது இந்த மடல்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியாலும் ஐசோசயனேட்டும் சேர்ந்து பொங்கி இறுகுவதுதான் பேனலுக்குள் இருக்கும் ஃபோம். அதைப் பொங்க வைக்கும் வாயுவின் வேலை அதோடு முடிவதில்லை. ஃபோமின் நுண்ணறைகளில் அடைபட்டுக் கிடந்து வெப்பத்தைத் தடுப்பதும் அதுதான். ஊற்றும்போதே கொஞ்சம் கசியும். பேனலை உடைத்துக் காயலான் கடையில் போடும் நாளில் மிச்சமும் போய்விடும்.

நெடுநாள் இதற்குப் பயன்பட்டது ஹெச்.சி.எஃப்.சி-141பி. முழுக்க இறக்குமதிச் சரக்கு. ஓசோனை அரிக்கிறது என்பதால் 2020 ஜனவரி 1 முதல் அதன் இறக்குமதி நின்றது. ஹெச்.சி.எஃப்.சி. ஒழிப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் நாடு முழுவதும் 163 ஃபோம் நிறுவனங்கள் சேர்க்கப்பட்டன. நல்ல முடிவுதான். ஆனால் மாற்றாக வந்தவற்றில் ஒன்றான ஹெச்.எஃப்.சி-245எஃப்ஏ ஓசோனைத் தொடாதே தவிர, வெப்பத்தைக் கூட்டுவதில் பழையதை மிஞ்சுகிறது. ஹெச்.எஃப்.சி.களைக் குறைக்கச் சொல்லும் கிகாலித் திருத்தத்தின் கணக்கில் 141பி கரியமில வாயுவைப் போல 725 மடங்கு; இது 1,030 மடங்கு! இந்தியா அந்தத் திருத்தத்தை 2021-ல் ஏற்றது. 2028-ல் ஹெச்.எஃப்.சி.களுக்கு உச்சவரம்பு வரும், 2032 முதல் படிப்படியான குறைப்பு. ஒரு முறை மாறிய பட்டறை மறுபடியும் மாற வேண்டும்.

பெரிய ஃபிரிட்ஜ் ஆலைகள் மாற்றாகச் சைக்ளோபென்டேனைக் கையாள்கின்றன. புவியைச் சூடாக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஆனால் பெட்ரோலைப் போலப் பற்றும். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படரும். தனித் தொட்டி, வாயு உணர்கருவி, தீப்பொறி எழாத மோட்டார், பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் எல்லாம் வேண்டும். பட்டரைவாக்கம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய ஷெட்டில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. ஹெச்.எஃப்.ஓ. என்னும் இன்னொரு மாற்று அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது, விலைதான் கையைக் கடிக்கும்.

மிஞ்சுவது தண்ணீர். ஆம், வெறும் தண்ணீர். ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரியமில வாயுவைத் தந்து ஃபோமைப் பொங்க வைக்கும். வெப்பத்தைத் தடுக்கும் திறன் சற்றுக் குறையும், பேனலைத் தடிமனாக்க வேண்டும், ஐசோசயனேட்டும் கூடுதலாகச் செலவாகும். தகட்டில் சரியாக ஒட்ட அச்சின் சூடும் கச்சிதமாக இருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு அங்குலம் கூடினால் குடி மூழ்காத குளிர் அறைகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

இந்தப் பக்குவத்தைச் சிறு உரிமையாளர் தன் காசில் சோதித்துக் கற்க முடியாது. திருமழிசை சிட்கோ பேட்டையில் ஒரு பொது வசதி மையம் அமையுங்கள். சோதனையாக ஊற்றிப் பார்க்க ஓர் எந்திரம், வெப்பக் கடத்துத்திறனை அளக்க ஒரு கருவி, தெரிந்த ஆள் இருவர் போதும். கிண்டியில் உள்ள பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் துணையையும் கேட்கலாம். சைக்ளோபென்டேன் கேட்கும் பட்டறைகளுக்குத் தள்ளி ஒதுக்கிய மனைகள் கொடுங்கள். ஆவின் போன்ற அரசு நிறுவனங்களின் குளிர் அறை டெண்டர்களில், தடிமனோடு எந்த வாயு என்பதையும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வாங்குபவர் கேட்டால் பட்டறை தானாக மாறும். உச்சவரம்பு வருவதற்குள் மையம் திறந்திருக்க வேண்டும்.

இங்ஙனம்,
அம்பத்தூர்வாசி ஒருவர்