பச்சைக் கட்டுத்துணி

ஆறாத புண்ணைக் கட்டிய துணி சில வேளைகளில் நீலப்பச்சை நிறமாவதைப் பழைய வைத்தியர்கள் கண்டு வியந்ததுண்டு. அந்நிறத்துக்குக் காரணமான கிருமியைப் பிரான்சு தேசத்து அறிஞர் ஜெசார் 1882ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். இன்று அதனைச் சூடோமோனாசு என அழைப்பர். வைத்தியசாலைகளின் நீர்க்குழாய், சுவாசக் கருவி முதலிய ஈரமான இடங்களிற் குடியிருந்து, தீப்புண் பட்டோரையும் நுரையீரல் நலிந்தோரையும் பற்றும் பொல்லாத கிருமி அது. மருந்துகள் பலவற்றுக்கு எளிதில் மசிவதில்லை.

இக்கிருமி மனிதரை வருத்துவதோடு அமையாது, தன் அயலிலுள்ள பிற கிருமிகளையும் கொல்கிறது. 1899இல் எம்மெரிச், லோவ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் இதன் சாற்றையே மருந்தாக்கினர். பலன் ஒருசீராக இல்லை, நச்சுத்தன்மையும் இருந்தது. காலப்போக்கில் அது கைவிடப்பட்டது.

கொல்லும் வழிகள் பல. அவற்றுள் விந்தையான ஒன்றைக் கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்டனர். ஊசி போன்றதோர் அமைப்பினால் இக்கிருமி தன் நஞ்சை அயற்கிருமியினுட் செலுத்துகிறது. நஞ்சென்றால் கலத்தைக் கிழிக்கும், அரிக்கும் என்றே நாம் எண்ணுவோம். இதன் வேலை வேறு. அரிசியும் உப்பும் புளியும் நிறைந்த வீட்டில் விறகில்லாவிட்டால் உலை கொதிக்குமா? உயிர்க்கலத்துக்கு விறகு போன்றது ஏ.ரி.பி. என்னும் பொருள். நஞ்சாகிய நொதியம் அதனை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒரே மூலக்கூறு நிமிடமொன்றுக்கு 1,80,000க்கும் மேற்பட்ட தடவை இதனைச் செய்யுமாம்! புதிதாய்ப் பிறந்த அப்பொருளோ, மேலும் ஏ.ரி.பி. ஆக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. இருந்த விறகும் போய், விறகு வரும் பாதையும் மூடிய கதிதான்.

அப்படியாயின் நஞ்சை ஆக்கும் கிருமி எங்ஙனம் பிழைக்கிறது? நஞ்சோடு அதன் முறிவாகிய புரதமொன்றையும் அது சேர்த்தே ஆக்கிக்கொள்கிறது. ஆதலால் தன்னினத்தார் அருகிருந்து குத்தினாலும் அதற்கு ஆபத்தில்லை.

இதையே மருந்தாக்கினால் என்ன என்று மாணவர் கேட்பர். நம் உடற்கலங்களும் அதே ஏ.ரி.பி.யினாலேயே வாழ்கின்றன. ஊசியமைப்பின் உதவியின்றி இந்நஞ்சு கிருமியின் சுவரைக் கடப்பதும் அரிது. நஞ்சைக் காட்டிலும், அது எதிரியின் எவ்விடத்தைத் தாக்குகிறது என்னும் செய்தியே நமக்குப் பெரும்பயன் தருவது என்பது என் எண்ணம். அவ்விடத்தைத் தாக்கி, நம் கலங்களைத் தீண்டாது விடும் சிறு மருந்தொன்றை இரசாயன அறிஞர் தேடலாமன்றோ?