முறுக்கினால் பாட்டு இனிக்குமா?

ஹெட்போன் வயரைத் தாங்களே பின்னிக்கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது. ரிச்சி தெருவில் செம்பு வயரும் 3.5 மி.மீ. ஜாக்கும் வாங்கி, மூன்று கால் பின்னல், நான்கு கால் பின்னல், வெறும் முறுக்கு என்று விதவிதமாகச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. சால்டரிங்கும் கைக்கு வரும். ஆனால், "நான்கு கால் பின்னலில் பேஸ் இறுகுது, குரல் தெளியுது" என்று தீர்ப்பு சொல்லும்போதுதான் வம்பு. அதை நம்பி பாக்கெட் மணியைக் கொட்டுவது யாரோ ஒரு மாணவன்!

முறுக்கு எதற்கு என்று காசிமேடு துறைமுகத்தில் கிடக்கும் கயிறே சொல்லும். நூல்களை ஒரு பக்கம் முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரிகளை எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிரியாது. வயரிலும் அதேதான். பின்னினால் வளையும், சிக்காது, பார்க்க அழகு. அதற்கு மேல்?

"கிரகாம் பெல்லே வயரை முறுக்கினாரே?" என்பார்கள். உண்மைதான், 1881-ல் காப்புரிமையே வாங்கினார். மறு வருடம் சென்னைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் அது பக்கத்து லைன்களின் இரைச்சலோடு நெடுந்தூரம் ஓடும் டெலிபோன் கம்பிக்கான வைத்தியம். ஒன்றரை மீட்டர் ஹெட்போன் வயருக்கு அந்த நோயே கிடையாது.

நெருக்கிப் பின்னினால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், அதுவும் நிஜம். 300 பிக்கோஃபாரட் என்றே வைத்துக்கொண்டாலும், 10 ஓம் அவுட்புட் உள்ள பிளேயரில் ஒலி குறையத் தொடங்குவது சுமார் 53 மெகாஹெர்ட்ஸில். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு கடையை மூடிவிடுகிறது!

அப்படியானால் மூன்று காலுக்கும் நான்கு காலுக்கும் வித்தியாசமே இல்லையா? ஒன்று உண்டு. மூன்று வயரில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றே. அந்தப் பொது வயரின் தடை 0.3 ஓம் என்றால், 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்கத்து சிக்னல் சுமார் நூறில் ஒரு பங்கு மறுபக்கம் கசியும். நான்காவது வயர் அதைப் பெரும்பாலும் தடுக்கிறது. கவனிக்கவும், தடுப்பது வயர்தான், பின்னல் அல்ல! பின்னாமல் நேராக விட்டாலும் அதே பலன். புகழ் மட்டும் ஏன் பின்னலுக்குப் போகிறது?

சந்தேகம் இருந்தால் வழி சுலபம். சத்த அளவைச் சமமாக்கி, நண்பன் ஒருவன் காசு சுண்டிப் போட்டு கேபிளை மாற்றட்டும். கேட்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து முறை சொல்லட்டும். குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக வர வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்றுதான். அதைத் தாண்டிய பிறகு 'பேஸ் இறுகுது' என்று எழுதலாம். தான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பின்னிய கேபிளைத் தானே கண்ணால் பார்த்துக்கொண்டு கொடுக்கும் மார்க், தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது மாதிரி.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. மூடாமல் விட்ட செம்பு பச்சை பூத்துவிடும். ஜாக்கின் கழுத்தில் வயர் மடிந்து மடிந்து அறும். நல்ல சால்டரிங், முனையில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், இழுத்தால் தாங்கும் பிடிப்பு... கேபிளைக் காப்பாற்றுவது இவைதான். பின்னல் ஜடைக்கு அழகு, வயருக்கும் அழகு. அந்த அழகுக்காகப் பின்னட்டும், யார் வேண்டாம் என்றது? அழகை ஒலி என்று சொல்லி அடுத்தவன் காசைக் கரைக்க வேண்டாம், அவ்வளவுதான்.