கிடப்பது அன்று, நடப்பதே நலம்

இருதய அறுவைச் சிகிச்சை பெற்று மீண்டவரை அசையவிடாமல் கிடத்துவதே அன்பு என்று நம் அங்கத்தினர் குடும்பங்களில் பலர் கருதுகின்றனர். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மாரடைப்புக் கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்த காலம் உண்டு. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான லெவைனும் லவுனும் அத்தகையோரைச் சில நாட்களிலேயே நாற்காலியில் அமர்த்தி, நலம் விளைந்ததை எழுதினர். அசையாது கிடந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும், நுரையீரலில் சளி தேங்கும், தசைகள் தளரும். ஆகவேதான் இன்று, தடையில்லாதவரை அறுவைக்கு மறுநாளே உட்கார வைத்து, பின் சிறுகச் சிறுக நடக்கச் செய்கின்றனர்.

நடை வேறு, உழைப்பு வேறு. பிளந்த நெஞ்செலும்பு கூடி, மருத்துவர் இசையும்வரை தறியும் வேண்டாம். மூட்டை தூக்கலும் வேண்டாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் நடையை நிறுத்தி உடனே மருத்துவரை நாடவேண்டும். மற்றபடி, வீட்டார் தடுத்து நிற்காமல் துணையாக உடன் நடப்பார்களாக!