சிறுகுறிஞ்சானும் சர்க்கார் மாத்திரையும்

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் லேத் ஓட்டும் தோழர்கள் சிலர் பையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்று ஆஸ்பத்திரி கொடுத்த இலவச மெட்பார்மின். மற்றொன்று காசு கொடுத்து வாங்கிய பச்சிலைப் பொடி. “இங்கிலீஷ் மாத்திரை சூடு, மூலிகை கெடுதல் செய்யாது” என்று மாத்திரையைத் தூக்கியெறிகிறவர்களும் உண்டு.

தோழர்களே, இந்த மாத்திரையின் பூர்வீகமும் செடிதான்! ஐரோப்பாவில் கலேகா என்றொரு பூண்டு. அதிலுள்ள சத்தை நேராகக் கொடுத்தால் விஷம். அதை ஆராய்ந்து, அதன் இனத்தில் விஞ்ஞானிகள் செய்த பொருளே மெட்பார்மின். 1957-ல் பாரிஸ் டாக்டர் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார்.

அது என்ன செய்கிறது? சோறு தின்றால்தான் சர்க்கரை ஏறும் என்பது பாதி உண்மை. ராத்திரி முழுதும் பட்டினி கிடந்தவனுக்கும் விடியற்காலையில் சர்க்கரை ஏறியிருக்கிறதே, எங்கிருந்து வந்தது? ஈரலிலிருந்து. மிஞ்சியதைச் சேமிப்பதும், பசித்த வேளையில் அவிழ்த்து விடுவதும், தீர்ந்தால் புதிதாகச் செய்வதும் ஈரலின் வேலை. ‘போதும், நிறுத்து’ என்று உத்தரவு போடுவது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் ஈரல் அந்த உத்தரவை மதிப்பதில்லை. அந்த உற்பத்தியைத்தான் மெட்பார்மின் முக்கியமாகக் குறைக்கிறது.

சிறுகுறிஞ்சானைக் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1983-ல் நீரிழிவு கண்ட முயல்களுக்கு அந்த இலைப்பொடியைக் கொடுத்து, ஈரல் சர்க்கரையைச் சேமிப்பது கூடுவதைக் கண்டார்கள். 1990-ல் இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு கூடவே, தினம் 400 மில்லிகிராம் இலைச்சத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் அடியோடு நிறுத்தினார்கள். மீதி 17 பேருக்கு மாத்திரை வேண்டியிருந்தது. இதைப் பொடி வியாபாரி சொல்வானா?

அங்கே அளந்து கொடுத்து ரத்தம் சோதித்தார்கள். இந்தப் பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம்? விற்கிறவனுக்கே தெரியாது. நீரிழிவைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. விளம்பரமோ சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. கூலிக்காரன் காசில் கொழுக்கும் இந்த வியாபாரத்தைச் சர்க்கார் ஒடுக்கட்டும். கூடவே, 22 பேரோடு நில்லாமல், ஆயிரக்கணக்கானவர்களை வைத்துத் தன் செலவில் இந்த இலையைச் சோதிக்கட்டும். நம் வயலோர வேலியில் படரும் கொடி அது. அதன் உண்மை நமக்குத் தெரியவேண்டாமா?

அதுவரை, பொடி தின்கிறவர் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு அதுவும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால், ஓடுகிற மெஷின் முன்னால் தலை சுற்றும்.