அரிசியைக் குறைப்போம், பருப்பைக் கூட்டுவோம்

உணவிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் சேர்க்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு. இதை ஈடுகட்ட ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து கணையம் தளரும்போது இரண்டாம் வகை நீரிழிவு தலைகாட்டுகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் உடலுழைப்புக் குறைவும் இதற்கு முக்கியக் காரணங்கள். மெலிந்து தோன்றும் தெற்காசியரிடமும் இந்தக் கொழுப்பு மிகுந்திருப்பது கவலைக்குரியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் இருக்கின்றனர். தமிழ்நாட்டில் நீரிழிவாளர் விகிதம் 14.4 சதவீதம். அதே ஆய்வுத் திட்டத்தின் உணவுக் கணக்கெடுப்பு, இந்தியர் பெறும் கலோரிகளில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாகக் காட்டுகிறது.

ஆகவே மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது மக்கள் நலக் கொள்கையாக வேண்டும். வசதியுள்ளவர் காசு கொடுத்து உணவு ஆலோசனை பெறுகிறார். ரேஷன் கடையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அங்கே கிடைப்பதே உணவு. 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியை விரட்டிய மகத்தான திட்டம் அது. ஆனால், மாதம் 20 கிலோ அரிசி பெற்ற குடும்பத்துக்கு 30 ரூபாய்க்குக் கிடைத்த துவரம் பருப்பு ஒரே ஒரு கிலோ. இந்த விகிதம்தான் மாற வேண்டும்.

அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியம் கொடுத்தால் போதும் என்ற எண்ணமும் சரியன்று. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம்; அந்த வகையில் திட்டம் நல்லதே. ஆயினும் கேழ்வரகின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் மாவுச்சத்துதான். களியின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் விலக்குவதால் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடாது. தட்டில் தானியம் குறைந்து, அந்த இடத்தைப் பருப்பும் சுண்டலும் முட்டையும் மீனும் காய்கறியும் பிடிக்க வேண்டும்.

அதற்காகச் சோற்றை அறவே ஒதுக்கும் கடும் உணவுமுறையை அனைவருக்கும் பரிந்துரைப்பது ஆபத்து. இன்சுலின் ஊசியோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரக நோயாளிகள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே இவர்கள் உணவை மாற்ற வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ரேஷனில் பருப்பின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பயறு பெறும் உரிமையை, விரும்பும் குடும்பங்களுக்கு வழங்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் பணியாளர்கள், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் சொல்லித்தரப் பயிற்சி பெற வேண்டும். ஆயுள் முழுவதும் மாத்திரை வழங்க முன்வரும் அரசு, நோய் வராமல் தடுக்கும் பருப்பை வழங்கத் தயங்கக் கூடாது.